கருவிகளின் கதை சொல்லும் காப்புரிமை ஏடுகள்

தொலைநோக்கியைப் பற்றி இன்று கிடைக்கும் மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்று ஓர் அரசு விண்ணப்பம் ஆகும். நெதர்லாந்தின் மிடில்பர்க் நகரில் மூக்குக் கண்ணாடி செய்து பிழைத்துவந்த ஹான்ஸ் லிப்பர்ஹே என்பவர், தொலைவில் உள்ளவற்றை அருகில் இருப்பதுபோல் காட்டும் கருவி ஒன்றைத் தாம் செய்திருப்பதாகவும், அதை வேறெவரும் செய்யாதபடி முப்பது ஆண்டுகளுக்கு உரிமை வழங்க வேண்டும் அல்லது ஆண்டுதோறும் ஓய்வூதியம் தர வேண்டும் என்றும் அந்நாட்டின் ஸ்டேட்ஸ் ஜெனரல் என்னும் பேரவையிடம் கேட்டார்; பேரவை அதை 1608 அக்டோபர் 2 அன்று பரிசீலித்தது. கருவி சோதிக்கப்பட்டது, பிடித்தும் போனது, இரு கண்களாலும் பார்க்கும்படி செய்துதருமாறு சொல்லி 900 கில்டர்கள் கொடுக்கப்பட்டன. ஆனால் உரிமை மறுக்கப்பட்டது. அல்க்மார் நகரத்து யாக்கோப் மெட்டியஸ் என்பவர் இரண்டே வாரங்களில் இதே கருவிக்கு உரிமை கேட்டு வந்து நின்றதும், வேறு சிலருக்கும் இந்த வித்தை தெரியும் என்ற செய்தி பரவியதும் அதற்குக் காரணங்கள். கலிலியோ தமது தொலைநோக்கியை வானத்தை நோக்கித் திருப்புவதற்கு ஓர் ஆண்டுக்கு முன்பே அக்கருவி பலர் கைகளில் இருந்தது என்பதை இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறதென்றால், அதற்கு இந்த நிராகரிக்கப்பட்ட விண்ணப்பமே முதன்மையான சான்று.

அறிவியல் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் நெடுங்காலமாக இரண்டு வகைச் சான்றுகளையே நம்பிவந்தனர். அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளில் இருக்கும் கருவிகள் ஒன்று. அறிவியலாளர்கள் எழுதிய நூல்களும் கட்டுரைகளும் மற்றொன்று. கருவியைப் பார்த்தால் அது எப்படி இருந்தது என்று தெரியுமே தவிர, அதன் எந்தப் பகுதி அக்காலத்தில் புதியதாகக் கருதப்பட்டது, எந்தப் பகுதி எல்லாரும் அறிந்த பழைய வழக்கம் என்று தெரியாது. அறிவியலாளரின் கட்டுரையோ கண்டறிந்த முடிவைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு, கருவியை ஒரே வாக்கியத்தில் கடந்து செல்லும் இயல்புடையது. இவ்விரண்டுக்கும் இடையில் விடுபட்டுப்போன செய்திகளைத் தருவது மூன்றாம் வகைச் சான்றாகிய காப்புரிமை ஆவணம். ஆனால் அது தன்னலம் உள்ள ஒருவர் தமக்குச் சாதகமாக எழுதிக்கொடுத்த வாக்குமூலம். நீதிமன்றத்தில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல் அதைக் கேள்வி கேட்டுத்தான் படிக்க வேண்டும்.

புதிய பொருளையோ செய்முறையையோ கண்டுபிடித்தவருக்கு, குறிப்பிட்ட காலம்வரை அதைச் செய்யவும் விற்கவும் பிறரைத் தடுக்கவும் அரசு தரும் உரிமையே காப்புரிமை. அதற்கு ஈடாக, தமது கண்டுபிடிப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை அத்துறை அறிந்த எவரும் செய்துபார்க்கும் அளவுக்கு அவர் விளக்கமாக எழுதித் தர வேண்டும். இந்த எழுத்துக்கு விவரக்குறிப்பு என்று பெயர். 1474இல் வெனிஸ் குடியரசு இதற்கெனச் சட்டம் இயற்றியது. 1594இல் கலிலியோ தண்ணீர் இறைக்கும் பொறி ஒன்றுக்கு அந்நகரத்தில் உரிமை பெற்றதும் அந்த மரபில்தான். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டுக்கு முன்பிருந்தே அரசர் பெயரில் உரிமைகள் வழங்கப்பட்டன. பின்னாளில் 1852இல் சட்டம் சீர்திருத்தப்பட்டபோது, பென்னட் வுட்கிராஃப்ட் என்ற அதிகாரி 1617 முதல் 1852 வரை வழங்கப்பட்ட 14,359 உரிமைகளைத் தேடியெடுத்து வரிசை எண் இட்டு அட்டவணை தயாரித்தார். அதில் முதல் எண் பெற்றது ஆரன் ராத்போர்ன் என்ற நில அளவையாளரும் அவருடைய கூட்டாளியும் நகரங்களின் வரைபடங்களைச் செதுக்கி அச்சிடப் பெற்ற உரிமை என்பது கருவி வரலாற்றாசிரியர்களுக்கு இனிய தற்செயல். அட்டவணையோடு நில்லாமல் பழைய பொறிகளையும் வுட்கிராஃப்ட் தேடிச் சேர்த்தார். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரத்தில் ஒரு பகுதி அவர் உருவாக்கிய காப்புரிமை அலுவலக அருங்காட்சியகத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் கதை வேறு. 1836 டிசம்பரில் வாஷிங்டன் காப்புரிமை அலுவலகம் தீப்பிடித்தபோது, அதுவரை அந்நாடு வழங்கியிருந்த ஏறத்தாழ 10,000 உரிமைகளின் ஏடுகளும் மாதிரிகளும் எரிந்தன. உரிமையாளர்களிடமிருந்த படிகளைக் கொண்டு மீட்கப்பட்டவை 3,000க்கும் குறைவு.

பழைய உரிமைகள் எல்லாம் விளக்கமாக எழுதப்பட்டவை என்று எண்ணிவிடக் கூடாது. காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பாரமானியில் பாதரசம் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாய் உண்டு. அக்கருவியை இடம் மாற்றினாலே பாதரசம் சிந்திவிடும். தலைகீழாகத் திருப்பினாலும் ஒரு துளி சிந்தாத பாரமானிக்கு லண்டன் கடிகாரக் கலைஞர் டேனியல் குவேர் 1695இல் உரிமை பெற்றார். ஆனால் அந்த ஆவணத்தில் எப்படிச் சிந்தாமல் காத்தார் என்பதற்கு விளக்கமே இல்லை. அன்றைய சட்டம் அதைக் கேட்கவுமில்லை. இன்று அந்த நுட்பத்தை அறிய, எஞ்சியிருக்கும் குவேரின் பாரமானிகளையே ஆராய வேண்டியிருக்கிறது. போதிய விவரக்குறிப்பு இல்லாத உரிமை செல்லாது என்ற நிலைப்பாடு இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் 1778இல் நடந்த லியார்டெட் வழக்குக்குப் பிறகுதான் உறுதிப்பட்டது. ஆகவே அதற்கு முந்திய ஏடுகளில் இயக்கத்தை விட உரிமை கேட்டவரின் பெயரும் ஊரும் ஆண்டுமே நம்பத் தகுந்த செய்திகள்.

ஏட்டைவிட ஏட்டின்மேல் எழுந்த சண்டை அதிகம் சொல்லும் என்பதற்கு டாலண்ட் வழக்கைப் போன்ற எடுத்துக்காட்டு வேறில்லை. கண்ணாடி வில்லை வழியாக ஒளி செல்லும்போது நிறங்கள் வெவ்வேறு அளவில் வளைவதால், பழைய தொலைநோக்கிகளில் எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதைச் சுற்றி வண்ண விளிம்பு தெரிந்தது. இருவகைக் கண்ணாடிகளால் ஆன குவிவில்லையையும் குழிவில்லையையும் ஒன்றுசேர்த்து இக்குறையை நீக்கும் முறைக்கு ஜான் டாலண்ட் 1758இல் உரிமை பெற்றார். அதே ஆண்டு ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கமும் அவருக்குக் கிடைத்தது. அவர் உயிரோடிருந்தவரை யாரையும் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. 1761இல் அவர் மறைந்தபின் மகன் பீட்டர் டாலண்ட், அதே வில்லையைச் செய்து விற்ற பிற கண்ணாடிக் கலைஞர்கள்மேல் வழக்குத் தொடுக்கத் தொடங்கினார்.

அதன்பின் நடந்ததுதான் வரலாற்றாசிரியருக்குப் புதையல். 1764இல் லண்டன் கலைஞர்கள் 35 பேர் கையெழுத்திட்டு, டாலண்டின் உரிமையை நீக்குமாறு அரசரின் ஆலோசனைக் குழுவிடம் மனுக் கொடுத்தனர். இந்த வில்லையை டாலண்டுக்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு முன்பே செஸ்டர் மூர் ஹால் என்ற வழக்கறிஞர் செய்துவிட்டார் என்பது அவர்கள் வாதம். ஹால் தமது கண்டுபிடிப்பை வெளியிடவில்லை, நூலும் எழுதவில்லை. இரகசியம் கசியாமலிருக்க இரு வில்லைகளையும் வெவ்வேறு கலைஞர்களிடம் செய்யக் கொடுத்தார் என்றும், அவ்விருவரும் தங்களை அறியாமல் ஜார்ஜ் பாஸ் என்ற ஒரே ஆளிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிட்டார்கள் என்றும், இரகசியம் அங்கிருந்தே வெளிவந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. 1766இல் நீதிமன்றம் டாலண்டின் பக்கமே தீர்ப்பளித்தது. கண்டுபிடிப்பை மேசை இழுப்பறைக்குள் பூட்டிவைத்தவருக்கல்லாமல் உலகுக்குக் கொண்டுவந்தவருக்கே உரிமையின் பயன் சேரும் என்பது அதன் நோக்கு. வழக்கில் ஹாலின் தரப்புத் தோற்றது. ஆனால் அந்த மனுவும் வழக்கும் இல்லாவிட்டால் ஹாலின் பெயரே இன்று அநேகமாகத் தெரிந்திராது. அத்துடன், 18ஆம் நூற்றாண்டு லண்டனில் வில்லைத் தொழில் செய்தவர்கள் யார் யார், யாருக்கு யார் கூலி வேலை செய்தனர் என்ற சித்திரமும் அந்தத் தாள்களிலிருந்தே தெளிவாகிறது. அக்காலத்தின் மிகச் சிறந்த கருவிக் கலைஞரான ஜெஸ்ஸி ராம்ஸ்டன் ஜான் டாலண்டின் மகளை மணந்தபோது, இந்த உரிமையில் ஒரு பங்கும் அவருக்குச் சேர்ந்தது. காப்புரிமை அன்றைக்கே சீதனப் பொருளாகிவிட்டது எனலாம்.

இந்தியாவில் இம்முறை 1856ஆம் ஆண்டின் 6ஆம் சட்டத்தோடு தொடங்கியது. புதிய பொருள்களைச் செய்பவர்களுக்குப் பதினான்கு ஆண்டுகளுக்குத் தனிச் சலுகை வழங்கிய அச்சட்டம், பிரிட்டிஷ் அரசியின் முன் ஒப்புதல் பெறாமல் இயற்றப்பட்டது என்ற காரணத்தால் மறு ஆண்டே நீக்கப்பட்டு, 1859இல் திருத்தங்களோடு மீண்டும் வந்தது. 1856 மார்ச் 3 அன்று கல்கத்தாவின் குடிமைப் பொறியாளர் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் கொடுத்த விண்ணப்பமே இந்தியக் காப்புரிமை வரலாற்றின் முதல் ஏடாகக் கருதப்படுகிறது. அக்குடும்பப் பெயரைத் தாங்கிய காப்புரிமை நிறுவனம் இன்றும் சென்னையில் இயங்கிவருகிறது. அந்த முதல் கண்டுபிடிப்பு பங்கா இழுக்கும் பொறி. துரைமார்களின் தலைக்குமேல் தொங்கிய துணி விசிறியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்த ஏழைக் கூலியாளின் கைக்கு மாற்றாக ஒரு பொறி வந்தபோது, அதைச் செய்தவரின் பெயரும் முகவரியும் பதிவாயின. அதுவரை இழுத்தவர்களில் ஒருவர் பெயரும் எங்கும் பதிவாகவில்லை. காப்புரிமை ஏட்டின் வலிமையையும் குறையையும் இந்தியாவின் முதல் பதிவே சேர்த்துக் காட்டுகிறது.

அதே பத்தாண்டுகளில் பம்பாய்க்கு வந்துசேர்ந்த கருவிகளுக்குப் பின்னாலும் காப்புரிமைகள் இருந்தன. ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்ற பெருங்கப்பல் 1870இல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே கடலடித் தந்திவடத்தைப் பதித்ததும், லண்டனோடு பம்பாய் கடல்வழியே இணைந்தது. ஆயிரக்கணக்கான மைல் நீளமுள்ள வடத்தின் மறுமுனையில் வந்துசேரும் மின்னோட்டம் மிகவும் நலிந்திருக்கும். அதை உணர்வதற்காக, பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் 1858இல் கண்ணாடிக் கால்வனாமீட்டருக்கு உரிமை பெற்றிருந்தார். சிறிய ஆடி ஒன்றின் பின்புறம் நுண்ணிய காந்தத்தை ஒட்டித் தொங்கவிட்டு, அது அசையும்போது விளக்கொளியின் புள்ளி அளவுகோலின்மேல் நகர்வதைக் கொண்டு செய்தியைப் படிக்கும் கருவி அது. செய்தியைத் தாளில் மையால் தானே எழுதும் சைஃபன் ரெக்கார்டர் 1867இல் வந்தது. கப்பல்களுக்கான திசைகாட்டிக்கும் கடலாழம் அளக்கும் பொறிக்கும் 1876இல் அவர் உரிமைகள் பெற்றார். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் தந்திக் குழுமங்களின் தேவைக்காகக் கருவி செய்து, அதில் பெருஞ்செல்வம் ஈட்டிய புதிய வகை அறிவியல் வாழ்வை அவருடைய ஆய்வுக் கட்டுரைகளை விட அவர் பெற்ற எழுபதளவான காப்புரிமைகளே வெளிச்சமிட்டுக் காட்டுகின்றன.

இந்தியரைப் பொறுத்தவரை, இத்துறையில் மிகுந்த கவனத்தோடு படிக்க வேண்டிய ஏடு ஜகதீச சந்திர போஸின் அமெரிக்கக் காப்புரிமை. அதன் எண் 7,55,840. 1901 செப்டம்பர் 30 அன்று விண்ணப்பிக்கப்பட்டு, 1904 மார்ச் 29 அன்று வழங்கப்பட்டது. மின் அலைகளைக் கண்டுணரும் கருவி என்பது அதன் பொருள். கலீனா எனப்படும் ஈயக் கந்தகப் படிகத்தை ஓர் ஊசிமுனை இலேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும்; அந்தத் தொடுமுனையின்மேல் மின் அலையோ ஒளியோ பட்டால் அதன் மின்தடை மாறும்; சுற்றில் இணைக்கப்பட்ட கால்வனாமீட்டர் அதைக் காட்டும். தொடும் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. குறைகடத்திப் படிகத்தைக் கொண்டு வானொலி அலையை உணர்ந்த முன்னோடி போஸ் என்று, டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவரான வால்டர் பிராட்டைன் பிற்காலத்தில் ஏற்றுக்கொண்டார். அப்படிச் சொல்வதற்கு நாள் குறித்த சான்றாக நிற்பது இந்தக் காப்புரிமைதான்.

ஆனால் இந்த ஏட்டின் முகப்பில் தொழில்நுட்பத்தை விடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. உரிமையில் பாதி சாரா சாப்மன் புல் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு மாற்றித் தரப்பட்டதாக அதில் எழுதப்பட்டுள்ளது. இவர் விவேகானந்தரின் அன்பர்; சகோதரி நிவேதிதாவின் தோழி; செல்வர். அறிவைப் பணமாக்குவதில் போஸுக்கு விருப்பமில்லை. 1901இல் லண்டனில் தந்திக் குழும உரிமையாளர் ஒருவர் காப்புரிமை பெறுமாறு வற்புறுத்தியதையும் தாம் மறுத்ததையும் அவர் ரவீந்திரநாத தாகூருக்குக் கடிதத்தில் வருத்தத்தோடு எழுதினார். அதே ஆண்டு இந்த விண்ணப்பம் சென்றதென்றால் அதன் பின்னால் இருந்தது புல், நிவேதிதா ஆகிய இருவரின் முயற்சி. வழங்கப்பட்ட உரிமையைப் போஸ் பயன்படுத்தாமலே காலாவதியாக விட்டார். 1917இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிவைத்தபோது, அங்கு நிகழும் கண்டுபிடிப்புகள் எதற்கும் காப்புரிமை பெறப்படமாட்டாது என்று அறிவித்தார்.

அந்த அறிவிப்பு அறத்தின்பாற்பட்டது. வரலாற்றுக்கோ அதனால் இழப்பு. செடியின் வளர்ச்சியைப் பன்மடங்கு பெரிதாக்கிக் காட்டிய கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியின் உறுப்புகளைக் காப்புரிமை வரைபடம் போல் எண்ணிட்டு விளக்கும் சட்ட ஏடு இல்லை. போஸின் நூல்களும் அவர் நிறுவனத்து அருங்காட்சியகத்தில் உள்ள கருவிகளுமே அதற்குக் கதி. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரசிடென்சி கல்லூரியில் போஸின் தொடக்கக் காலக் கருவிகளைச் செய்வதற்குப் பயிற்சி ஏதுமில்லாத தகரக் கொல்லர் ஒருவர் துணைநின்றார் என்பது வாழ்க்கை வரலாறுகளில் வருகிறது. காப்புரிமையில் அவருக்கு இடமில்லை. சட்டத்தின் கண்ணில் திட்டமிட்டவரே கண்டுபிடிப்பாளர், செய்தவர் வெறும் கருவி.

போஸ் தயங்கிய இடத்தில் துணிந்து இறங்கியவர் பம்பாயில் பிறந்த சங்கர் ஆபாஜி பிசே. 1867இல் பிறந்த இவர், பம்பாயில் அறிவியல் மன்றம் நடத்தி, மராத்தியில் அறிவியல் இதழும் வெளியிட்டார். மாவு, சர்க்கரை போன்ற சரக்கைத் தானே நிறுத்து அளந்து கொட்டும் எடைப்பொறி ஒன்றை வடிவமைத்து, லண்டன் இதழ் ஒன்று நடத்திய போட்டியில் வென்றதுதான் அவருக்குக் கடல் கடக்கும் வாய்ப்பைத் தந்தது. தாதாபாய் நௌரோஜி அவருக்கு லண்டனில் ஆதரவளித்தார். அச்செழுத்து வார்க்கும் பொறிக்கு ரத்தன் டாட்டா முதலீடு செய்தார். பின்னர் பிசே நியூயார்க்கில் குடியேறி 1935இல் அங்கேயே மறைந்தார். ‘இந்திய எடிசன்’ என்று அன்றைய பத்திரிகைகள் புகழ்ந்த இவரைப் பற்றிய கதைகளில் எது மெய், எது மிகை என்று பிரிப்பதற்கு ஏற்ற உரைகல் அவருடைய காப்புரிமைகளே. ஒவ்வொரு விவரக்குறிப்பும் உரிமை கேட்டவரின் ஊரையும் முகவரியையும் நாளையும் தாங்கி நிற்பதால், கடிதமோ நாட்குறிப்போ இல்லாத ஒருவரின் இடப்பெயர்ச்சியையும் கூட்டாளிகளையும் அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தே அறியலாம்.

ஏட்டில் இல்லாதவர்களைப் பற்றி எண்ணும்போது தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெயர் முன்னால் வருகிறது. ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மோசின் உசேன், சென்னையில் நுண்வேலைத் தொழில் செய்துகொண்டிருந்தவர். ஜார்ஜ் எவரெஸ்ட் அவருடைய திறமையைக் கண்டு, இந்தியாவை முக்கோணங்களால் அளந்த மாபெரும் நில அளவைப் பணிக்கு அழைத்துக்கொண்டார். கோணங்களை அளக்கும் தியோடலைட் என்ற கருவியில் வட்டத் தகட்டின்மேல் மயிரிழை அளவுக் கோடுகள் இருக்கும்; அவற்றில் பிழை இருந்தால் மலையின் உயரமே பிழைபடும். அத்தகைய கருவிகளைப் பழுதுபார்த்துச் செம்மைப்படுத்திய மோசின் உசேன், லண்டனிலிருந்து வந்த ஹென்றி பாரோ விலகியபின் அந்தத் துறையின் கணிதக் கருவி வல்லுநராகவே உயர்ந்தார். ஐரோப்பியரல்லாத ஒருவருக்கு அப்பதவியைத் தர மேலிடம் தயங்கியபோது எவரெஸ்ட் அவருக்காக வாதாடினார். எந்தக் காப்புரிமை அட்டவணையிலும் இவரைக் காண முடியாது. அளவைத் துறையின் கடிதக் கோப்புகளே இவருக்குச் சாட்சி.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய குறையன்று. வட்டத்தில் நுண்கோடு போடும் பொறியைச் செய்த ராம்ஸ்டனே அதற்குக் காப்புரிமை பெறவில்லை. பிரிட்டிஷ் அரசின் தீர்க்கரேகை வாரியம் 615 பவுண்டு கொடுத்து, அதன் அமைப்பை நூலாக வெளியிடச் செய்தது. நீராவிப் பொறியின் உள்ளழுத்தத்தை வரைந்து காட்டும் கருவியை ஜேம்ஸ் வாட்டின் நிறுவனம் காப்புரிமைக்குக் கொண்டுபோகாமல் தொழில் இரகசியமாகவே வைத்திருந்தது. கொலாபா வானிலை ஆய்வகத்தில் 1840களில் நிறுவப்பட்ட காந்தமானிகளைப் போல் ஆய்வகங்கள் தனியே சொல்லிச் செய்வித்த கருவிகளும் சந்தைக்கு வராதவை. அவற்றுக்கு உரிமை பெறுவதில் யாருக்கும் இலாபமில்லை. பணமும் ஒரு தடை. 1852க்கு முன் இங்கிலாந்தில் ஓர் உரிமை பெற நூறு பவுண்டு அளவுக்குச் செலவாயிற்று. அலுவலகம் அலுவலகமாக அலைந்து காசை இழக்கும் ஏழைத் தொழிலாளியை 1850இல் சார்லஸ் டிக்கன்ஸ் கேலியும் கோபமுமாக ஒரு கதையாகவே எழுதினார். ஆகவே காப்புரிமை அட்டவணையைப் பார்த்து ஒரு நாட்டின் அறிவியல் ஆற்றலை எடைபோடுவது தவறு. அது சந்தையை நோக்கிச் செய்யப்பட்ட, பணமுள்ளவர்கள் கையிலிருந்த கருவிகளின் அட்டவணையே.

பெயரையும் அப்படியே நம்பக் கூடாது. பாதரசம் இல்லாமல், காற்றகற்றிய உலோகப் பெட்டியின் நெளிவைக் கொண்டு அழுத்தம் காட்டும் அனிராய்டு பாரமானியை 1844இல் உருவாக்கியவர் பிரான்சு நாட்டு லூசியன் விதி. ஆனால் அதன் பிரிட்டிஷ் உரிமை ஃபொந்தேன்மொரோ என்ற முகவரின் பெயரில் இருக்கிறது; அட்டவணையை மட்டும் பார்ப்பவர் கண்டுபிடித்தவரையே தவறவிடுவார். உரிமை பதிவானதால் கருவி அந்நாட்டில் செய்யப்பட்டது என்று முடிவுகட்டுவதும் பிழை. சுதந்திர இந்தியாவின் காப்புரிமைச் சட்டத்தை மறு ஆய்வு செய்த நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் 1959இல் அளித்த அறிக்கை, இந்தியக் காப்புரிமைகளில் மிகப் பெரும்பான்மை வெளிநாட்டவர் கையில் இருந்ததையும், அவற்றுள் பெரும்பாலானவை இந்தியாவில் செயல்படுத்தப்படாமலே கிடந்ததையும் எடுத்துக்காட்டியது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடித்தளமாக அமைந்த அந்த அறிக்கை, வரலாறு எழுதுவோருக்கும் ஓர் எச்சரிக்கை.

இத்தனை குறைகளுக்குப் பிறகும், கையில் கிடைத்த பழைய கருவி ஒன்றின் வயதைக் கணிக்கக் காப்புரிமைக் குறியைப் போல் எளிய வழி வேறில்லை. அமெரிக்கக் கருவிகளில் 1842க்குப் பிறகு காப்புரிமை நாளும், 1927 முதல் எண்ணும் பொறிக்கப்பட்டன. பிரிட்டனில் 1852 முதல் 1915 வரை ஒவ்வோர் ஆண்டும் எண் ஒன்றிலிருந்து தொடங்கியதால், எண்ணோடு ஆண்டும் தெரிந்தால்தான் பயன். 1916இல் 1,00,001 என்று தொடங்கி எண்கள் தொடர்ச்சியாக ஓடின. ஜெர்மானிய நுண்ணோக்கிகளிலும் கேமராக்களிலும் காணப்படும் டி.ஆர்.பி. என்ற எழுத்துகள் 1877க்கு முற்பட்டிருக்க முடியாது, டி.ஆர்.ஜி.எம். என்பது 1891க்கு முற்பட்டிருக்க முடியாது. இந்த எண்கள் காட்டுவது கருவி செய்யப்பட்ட ஆண்டையன்று, அதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்ற எல்லையை மட்டுமே. பேராசிரியர் ஜார்ஜ் ஃபுல்லர் 1878இல் உரிமை பெற்ற உருளை வடிவக் கணக்கிடும் கோலை லண்டன் ஸ்டான்லி நிறுவனம் ஏறத்தாழ நூறாண்டு செய்து விற்றது.

மும்பை வாசகருக்கு இந்த அறிவு உடனே பயன்படும் இடம் சோர் பஜார். அங்குள்ள மட்டன் தெருக் கடைகளில் பித்தளைத் தொலைநோக்கிகளும், கப்பல் திசைகாட்டிகளும், மாலுமிகள் சூரியனின் கோணத்தை அளந்த செக்ஸ்டன்டுகளும் வரிசையாக நிற்கும். அவற்றுள் பெரும்பாலானவை ரூர்க்கி, மொரதாபாத் போன்ற ஊர்களில் அலங்காரத்துக்காக அண்மையில் செய்யப்பட்டவை. நிலஅளவைக் கருவித் தொழிலுக்கே பெயர்போன ரூர்க்கிக்கு 1847இல் தொடங்கிய பொறியியல் கல்லூரியோடு சேர்ந்து வளர்ந்த நீண்ட மரபுண்டு. அந்த மரபின் கைத்திறனே இன்று போலிகளிலும் மின்னுகிறது. ‘கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917’ என்று செதுக்கப்பட்ட செக்ஸ்டன்டுகள் இச்சந்தையில் மிகச் சாதாரணம். ஆனால் அந்தப் பெயரில் நிறுவனம் உருவானதே 1947இல்தான். பழங்காலப் பொருள் என்று சொல்லி விலை கேட்பவரிடம் இந்த ஒரு செய்தி போதும். உண்மையான கருவியில் கூடப் பொறித்த பெயர் செய்தவருடையதாக இல்லாமல் விற்ற கடைக்காரருடையதாக இருக்கலாம். அந்நிலையில் அதன் உறுப்புகளைக் காப்புரிமை வரைபடத்தோடு ஒப்பிடுவதே உறுதியான சோதனை. பித்தளையில் பெயரைச் செதுக்குவது எளிது. திருகின் புரியையும் நகரும் கையின் அமைப்பையும் பழைய விவரக்குறிப்பின்படி செய்துவைக்கப் போலி செய்பவருக்குப் பொறுமை இராது.

1911ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இந்தியக் காப்புரிமை நிர்வாகம் கட்டுப்பாட்டாளர் ஒருவரின் கீழ் கல்கத்தாவில் அமைந்தது. மும்பையின் காப்புரிமை அலுவலகம் இன்று மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் எட்டும் தொலைவில், அண்டாப் ஹில்லில் இருக்கிறது. ஹார்பர் வழித்தட இரயிலில் செல்பவர் குரு தேக் பகதூர் நகரில் இறங்கினால் போதும். பெரும்பாலான தேடலுக்கு அந்தப் பயணமும் வேண்டியதில்லை. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் என்ற சேவையும் கூகுளின் காப்புரிமைத் தேடலும் பழைய ஏடுகளின் வரைபடங்களைக் கட்டணமின்றித் திறந்து காட்டுகின்றன. போஸின் 1904ஆம் ஆண்டு வரைபடத்தை அதன் எண்ணைத் தட்டிய மாத்திரத்தில் கைப்பேசியிலேயே காணலாம்.

தமிழ்நாட்டிலும் மும்பையிலும் பழைய பொறியியல் கல்லூரிகள் பல உண்டு. 1794இல் சென்னையில் தொடங்கிய நிலஅளவைப் பள்ளியே இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1887இல் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கி 1923இல் மாட்டுங்காவுக்கு வந்த கல்லூரியும் அந்த வரிசையில் உள்ளது. இத்தகைய கல்லூரிகள் தம் ஆய்வகப் பழம்பொருள்களைக் கழித்துக்கட்டி எடைக்குப் போடும் முன், ஒவ்வொரு கருவியின்மேலும் உள்ள பெயர், எண், ஆண்டு ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். இரயில்வேயிலோ பொதுப்பணித் துறையிலோ துறைமுகத்திலோ பணிபுரிந்த முன்னோரின் கருவி எதையேனும் வீட்டில் வைத்திருப்போரும் அதையே செய்யலாம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவதற்கு முன், எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேய்ந்துபோன எண்ணை எந்த அலுவலகத்தாலும் மீட்டுத் தர முடியாது.